ஓலீட்டாவின் சின்னத் துப்பாக்கி

ஓலீட்டா ஃபியூகேட் விழுந்தது கோழிக்கூண்டின் மூன்றாம் படியில். பிப்ரவரி மாதக் காலை, படியெல்லாம் உறைபனி. கூடையில் இருந்த ஏழு முட்டைகளில் ஆறு பிழைத்துக்கொண்டன, வலது தோள் பிழைக்கவில்லை. தபால் வண்டி வரும்வரை நாற்பது நிமிடம் அங்கேயே கிடந்தாள். பிறகு ஊரெல்லாம் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். கோழிகள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்தனவாம், கூடிப் பேசினவாம், கடைசியில் இவள் முட்டையிடத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விட்டனவாம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மகன் லோவெல் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தை அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான்.

அவளுக்கு அறுபத்துநாலு வயது. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். அமெரிக்காவின் இந்தக் கென்டக்கி மலைப்பக்கத்தில் நாற்பது வயதுக்குட்பட்ட எல்லாரும் அவள் கையால் ஒரு தட்டாவது வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். கணவன் ஆர்வில் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஷுகர் ஃபோர்க் ஓடை பிறக்கிற இடத்தில், தார்ச்சாலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவள் வீடு. அடுத்த வீடு ஒரு மைல் கீழே, தம்பி எஸ்டிலுடையது. அந்த ஒரு மைல் தனக்குப் பெரிய நிம்மதி என்பாள். எஸ்டிலின் குரல் முக்கால் மைல்தான் கேட்கும்.

தோளுக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். மாவு பிசையலாம், கோழிக்குத் தீனி போடலாம், கையை வீசிச் சண்டைகூடப் போடலாம் என்றார் டாக்டர். துப்பாக்கியின் உதை மட்டும் ஆகாது என்றார். மற்ற ஊர்களில் இது ஒரு விஷயமே இல்லை. இங்கே துப்பாக்கி என்பது விளக்குமாறு மாதிரி வீட்டுச் சாமான். கோழிக்கு வரும் ரக்கூன், நிலவறைக்கு வரும் பாம்பு, கேட்பாரற்றுத் திரியும் நாய்க்கூட்டம், தனி வீடாகப் பார்த்துக் கதவைத் தள்ளிப் பார்க்கும் ஆட்கள், இவ்வளவுக்கும் அதுதான் பதில். இலையுதிர் காலத்தில் சட்டிக்குள் எதுவும் விழவேண்டும் என்றாலும் அதுதான்.

சமையலறைக் கதவுக்கு மேலே ஆர்விலின் துப்பாக்கி தொங்கியது. பன்னிரண்டு என்பார்கள் அந்த ரகத்தை. கட்டைவிரல் தாராளமாக நுழையும் குழல், கழுதை மாதிரி உதைக்கும். மே மாதத்தில் ஒரு நாள், டாக்டரை என்ன கேட்பது என்று அதை எடுத்து ஒரு முறை சுட்டுப் பார்த்தாள். நின்ற இடத்திலிருந்து மூன்றடி பின்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டாள். போதாத காலம், அந்த நேரம் பார்த்து எஸ்டில் தக்காளி நாற்றுக் கொண்டு வந்திருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் லெக்சிங்டனில் இருக்கும் லோவெலுக்குச் செய்தி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை லோவெல் வந்தான். ஏசி மெக்கானிக், பெரிய கை, சின்னக் குரல். தன் வீட்டுக் கீழ் அறையை அம்மாவுக்காகச் சுண்ணாம்படித்து வைத்திருப்பதாகச் சொன்னான். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று ஓலீட்டா கேட்டாள். கார்கள் தெரியும் என்று உண்மையைச் சொன்னான், பாவம்.

"அம்மா, நான் போன் பண்ணி நாலு தடவை மணி அடிச்சும் நீ எடுக்கலைன்னா எனக்கு வேர்த்துக் கொட்டுது," என்றான். "வேலை செய்யற இடத்துல ஏணி மேல நின்னுக்கிட்டு இருப்பேன். பாதி வேலைல இறங்கிடுவேன்."

எஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான். தோளில் துப்பாக்கி வைக்க முடியாதவர்கள் ஓடைத் தலையில் தனியாக இருக்கக்கூடாது, இது அவன் சட்டம். யாரும் கேட்காமலே அதை இரண்டு முறை சொன்னான்.

ஓலீட்டாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மகன் முகத்தைப் பார்த்ததும் வந்த கோபம் பாதியில் நின்றது. அவன் பயம் பொய்யில்லை. அதனால்தான் அவள் அணில் வேட்டைத் திறப்பு நாள்வரை தவணை கேட்டாள். "அன்னிக்குக் கேக்கற உரிமை எனக்கு வந்தா நான் கேக்கறத நீ குடுத்தாகணும். வரலைன்னா நானே மூட்டை கட்டறேன்," என்றாள். லோவெல் சரி என்றான். அவனும் அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவன்தானே.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை அணில் வேட்டை திறக்கிறது. இந்த ஊர் அணிலை முதுகில் மூன்று கோடு போட்ட நம்மூர்க் குஞ்சாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பூனைக்குட்டி அளவு இருக்கும், குழம்பு வைத்தால் இரண்டு பேர் சாப்பிடலாம். ஓலீட்டா பிறந்த கோம்ஸ் குடும்பத்தில் அன்று காலை அடித்த அணிலை அவரவரே சமைத்து, அவரவர் சட்டியோடு எஸ்டில் வீட்டு வால்நட் மரத்தடிக்கு வரவேண்டும். ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. தன் சட்டியிலிருந்து யாரும் சாப்பிடக் கூடாது. சாப்பிடுகிறவன் பல்லில், தோட்டாவிலிருந்து சிதறிய கடுகளவு ஈயக்குண்டு அகப்பட்டால், எந்தச் சட்டியோ அந்தத் தட்டில் போடவேண்டும். டிங் என்று கேட்கும். தலையில் மட்டும் பட அடித்திருந்தால் சதையில் குண்டு இருக்காது. கடைசியில் எந்தத் தட்டில் குண்டு குறைவோ அந்த ஆளுக்குக் கேட்கும் உரிமை. மேசையில் இருக்கும் யாரிடமும் ஒரே ஒரு காரியம் கேட்கலாம், கேட்டதை மறுக்கக் கூடாது. இரண்டு பேர் சமமாக வந்தால் அந்த வருஷம் யாருக்கும் உரிமை இல்லை. எஸ்டில் ஒரு முறை இப்படித்தான் ஒரு கன்றுக்குட்டி வாங்கினான். ஓலீட்டாவுக்கு ஆர்வில் கிடைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான், ஆனால் அது வேறு கதை.

லோவெல் வந்துபோன மறுநாளே ஆர்விலின் மரம் அறுக்கும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு டவுன் கடைக்குப் போனாள். அதைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை வாங்கி வந்தாள், நாலுபத்து என்பார்கள் அந்த ரகத்தை. சுண்டுவிரல் நுழைவதே சிரமமான குழல். எடை கம்மி, உதையும் கம்மி, ஒரு சின்னப் பிள்ளை தோளில் தட்டிக் கூப்பிடுகிற அளவுதான். இந்தப் பக்கத்து ஆண்களுக்கு அது பாம்புத் துப்பாக்கி, பத்து வயதுப் பையனின் பிறந்தநாள் பரிசு. பெரியவர்கள் கையில் அதைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

எஸ்டில் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன அக்கா இது, சுண்டெலிக்குக் காது குத்தவா?"

"இல்லடா, உன் வாயைத் தைக்க," என்றாள் ஓலீட்டா. "ஊசி சின்னதா இருந்தாத்தான் தையல் நெருக்கமா விழும்."

ஆனால் முதல் நாள் அவளுக்கே சிரிப்பு வரவில்லை. காகிதத் தட்டில் அணில் தலை வரைந்து வேலியில் குத்தி, நாற்பது அடி எண்ணி நின்று சுட்டால் எல்லாம் சரியாக விழுந்தது. அதையே நாற்பது தப்படிக்குத் தள்ளிப்போய்ச் சுட்டாள். தட்டில் இரண்டே ஓட்டை, தலையில் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டின் தோட்டாவில் கை நிறைய குண்டு இருக்கும், குறி கொஞ்சம் தப்பினாலும் ஏதோ ஒன்று போய்ப் படும். நாலுபத்தில் ஒரு சிட்டிகைதான். அது சோம்பேறிக்கு உதவாத துப்பாக்கி. கிட்டப் போகவேண்டும், இல்லையென்றால் கிட்ட வரும்வரை காத்திருக்கவேண்டும். இருபது தப்படி என்று தனக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அதற்கு வெளியே இருப்பது ராஜா வீட்டு அணிலாக இருந்தாலும் விசையைத் தொடுவதில்லை. ஜூன் முடிவதற்குள் அவள் வரைந்த தலை ஒவ்வொன்றும் சல்லடையாகிக்கொண்டிருந்தது, தோளும் முணுமுணுக்கவில்லை. அந்த சந்தோஷத்தில் ஒரு நாள் கோழிகளுக்கு ஒரு முழுச் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள்.

ஜூலையில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் இறங்கும் நிலவறை, அதில்தான் வருஷச் சாப்பாடு முழுக்கக் கண்ணாடி ஜாடிகளில் இருக்கும். பீன்ஸ், பீச், ஊறுகாய், பீட்ரூட். ஒரு மதியம் ஜாடி எடுக்கப் போனவள் மேல் தட்டில் ஒரு செம்புத்தலைப் பாம்பு சுருண்டு கிடப்பதைக் கண்டாள். கடிபட்டால் கை வீங்கி ஒரு மாதம் ஆஸ்பத்திரி. வாசலில் எஸ்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றான். அவள் வாய் திறப்பதற்குள் அவன் தன் வண்டியிலிருந்து பன்னிரண்டை உருவிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். பெண்பிள்ளை வெளியே நிற்கட்டும், இது ஆண்பிள்ளை வேலை என்றான்.

ஒரே வெடி. மலை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. எஸ்டில் படியேறி வந்தான். தலைமுதல் நெஞ்சுவரை சிவப்பு. காது அடைத்துப்போனதால் தன் குரல் தனக்கே கேட்காமல் கத்தினான். "அக்கா, நான் போறேன். எம் பொண்டாட்டிகிட்ட நல்லபடியா சொல்லிடு."

ஓலீட்டா அவன் கன்னத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "பீட்ரூட்டுடா," என்றாள். "உப்பு கொஞ்சம் கம்மி."

பத்தொன்பது ஜாடி போயிருந்தது. பாம்பு போகவில்லை. அது கீழ்த்தட்டில் இருந்த இரண்டு பீச் ஜாடிகளுக்கு முன்னால், தரையில் இறங்கி, இந்தக் குடும்பத்தைப் பற்றி யோசித்தபடி கிடந்தது. ஓலீட்டா உள்ளே போய் நாலுபத்தை எடுத்து வந்தாள். இரண்டாம் படியில் நின்று, அது ஜாடியைவிட்டு ஒரு முழம் நகரட்டும் என்று காத்திருந்து, மண்தரையோடு சேர்த்து ஒரே ஒரு முறை சுட்டாள். பாம்புக்குத் தலை இல்லை. ஜாடிகளுக்குக் கீறல் இல்லை. பக்கத்துச் சுவரில் தண்ணீர்க் குழாய் போகிறது, அதற்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வேலை என்று வந்தால் எவ்வளவு பலம் என்பதைவிட எங்கே நிற்கும் என்பதுதான் முக்கியம் என்று அவள் அன்று தெரிந்துகொண்டாள். எஸ்டில் தெரிந்துகொண்டானா என்பது வேறு.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. லோவெலிடம் இதைச் சொல்லவேண்டாம். சொன்னால் எஸ்டிலின் சட்டம் முழுக்கக் கவிழ்ந்துவிடும், ஓலீட்டாவுக்கு வழக்கு அங்கேயே ஜெயித்துவிடும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் தம்பியை ஊர் சிரிக்கவிட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். பத்தொன்பது காலி ஜாடியும் வாங்கிக் கொடுத்துவிடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

திறப்பு நாள் விடிந்தது. தான் பார்த்த காலைகளிலேயே இதுதான் நல்ல காலை என்று ஓலீட்டா பிறகு சொன்னாள். ஓடைமேல் பனிமூட்டம், ஹிக்கரி மரத்தடியில் ஈர இலை, மேலே அணில்கள் கொட்டை கொறிக்கும் சத்தம். ஹிக்கரிக் கொட்டைத் தூள் மழை மாதிரி அவள் தொப்பியில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அசையவில்லை. முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சாப்பாடு போட்டவளுக்குக் காத்திருக்கத் தெரியாதா. முதல் அணில் பதினெட்டுத் தப்படியில் வந்து தலையைக் காட்டியது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் தலையில்தான். தோளைத் தடவிப் பார்த்தாள், வலி இல்லை. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

நாலாவதுதான் சந்தேகம். விசையை அழுத்துகிற நொடியில் அது தலையைத் திருப்பியது. விழுந்தது, ஆனால் ஒரு குண்டாவது தோள்பக்கம் போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சமையல்காரியின் விரலால் சதை சதையாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. மாவில் புரட்டி வறுத்து, வெள்ளைக் குழம்பு வைத்து, மோர் விட்ட ரொட்டியும் சுட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வால்நட் மரத்தடியில் ஏழு சட்டி. லோவெல் தன் வண்டியில் வந்து இறங்கினான். பின்பக்கம் முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள், மடித்து அடுக்கியிருந்தன. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. ஓலீட்டா ஒரு முறை பார்த்தாள், பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிரார்த்தனை முடிந்து சாப்பாடு தொடங்கியது. வருஷம் முழுக்க வாய் ஓயாத கோம்ஸ் குடும்பம் இந்த ஒரு சாப்பாட்டில்தான் பேசாமல் மெல்லும். டிங். யாரோ சிரித்தார்கள். டிங், டிங். பெரியப்பா மகன் சட்டியில் ஒன்பது விழுந்தது, துப்பாக்கியை மென்று தின்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள். எஸ்டில் சட்டியில் ஒன்றே ஒன்று. எட்டத்திலிருந்து தலையாகப் பார்த்து அடித்திருக்கிறான், வாய் நீளமானாலும் அவன் நல்ல வேட்டைக்காரன்தான், அதை மறுக்கமுடியாது. ஓலீட்டாவின் தட்டு வெள்ளையாகவே இருந்தது. அவள் சட்டியில் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. முன்தோள் துண்டு. அதை லோவெல் எடுத்தான்.

அவன் மெல்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை நின்றது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு மறுபடி மென்றான், விழுங்கினான், எலும்பைத் தன் தட்டில் வைத்தான். டிங் கேட்கவில்லை.

மேசை முழுக்க ஆரவாரம். பூஜ்யம், நாலுபத்துக்குப் பூஜ்யம். எஸ்டிலே எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டான். கேள் அக்கா, யாரிடம் என்ன வேண்டும் என்றான். எல்லாரும் லோவெலைப் பார்த்தார்கள். அவனும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். உள்ளே நாக்கு முட்டி, அவன் இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

ஓலீட்டாவுக்குத் தெரியாத கன்னமா அது. நாலு வயதில் பிடிக்காத பட்டாணியை அங்கேதான் ஒளிப்பான், ஐந்து வயதில் காய்ச்சல் மாத்திரையை. வேண்டிய வீடு, ஓடை, காலைப் பனிமூட்டம் எல்லாம் இப்போது அவள் கையில் இருந்தது, ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகனே அதை அவளுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தான். ஆனால் அப்படி இருக்க அவளால் ஆகாது. இரவல் வாங்கின மாதிரி ஒரு வீட்டில் எப்படி இருப்பது?

"நான் கேக்கறது லோவெல்கிட்ட," என்றாள். "வாயில இருக்கறத துப்பு."

கேட்டால் மறுக்கக் கூடாது. அவன் காது மடல் சிவந்தது. குனிந்து, அவள் சட்டிக்கு முன்னால் இருந்த வெள்ளைத் தட்டில் துப்பினான். டிங்.

ஒன்றுக்கு ஒன்று சமம். உரிமை யாருக்கும் இல்லை. ஓலீட்டா கையைத் துடைத்துக்கொண்டாள். கண் மட்டும் வண்டியில் இருந்த அட்டைப்பெட்டிகள் பக்கம் போய்விட்டு வந்தது.

எஸ்டில்தான் முதலில் வாய் திறந்தான். இத்தனை வருஷத்தில் அவன் சங்கடப்பட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. "லோவெல், உங்கம்மா நிலவறைல பத்தொம்பது ஜாடியச் சுட்டது நாந்தான்," என்றான். "பாம்பச் சுட்டது அவ. அந்தச் சுண்டெலித் துப்பாக்கியால, ஒரே அடி, ஒரு ஜாடி உடையல. ஒரு மாசமா சொல்லாம இருக்கா, நான் கெஞ்சினேன்னு." கொஞ்சம் நிறுத்தினான். "தோள்ல துப்பாக்கி வைக்க முடியாதவங்கதான் அங்க இருக்கக்கூடாதுன்னேன். அவ வைக்கறா. என்னைவிட நல்லா வைக்கறா."

பீட்ரூட் கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார்கள். உப்புக் கம்மி என்ற இடத்தில் ஒருவர் நாற்காலியோடு சரிந்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை லோவெல் தட்டில் கிடந்த குண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"உரிமைல கேட்டா குடுத்துத்தான் ஆகணும், அதுல என்ன இருக்கு," என்றான் அம்மாவிடம். "இப்ப நீ கேக்கல. நானே குடுக்கறேன். நீ உன் வீட்டுல இரும்மா. ஆனா தினம் காலைல முட்டை எடுத்ததும் எனக்கு ஒரு போன். அந்தப் படிக்கு நான் கைப்பிடி போட்டுட்டுத்தான் போவேன்."

ஓலீட்டா சரி என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் மதியம்வரை லோவெலும் எஸ்டிலும் கோழிக்கூண்டுப் படிக்குக் கைப்பிடி அடித்தார்கள். அளவை இரண்டு முறை தப்பாக எடுத்துவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். லோவெல் கிளம்பும்போது அட்டைப்பெட்டிகள் காலியாகப் போகவில்லை. பீன்ஸ், பீச், ஊறுகாய் என்று பன்னிரண்டு பெட்டியையும் ஓலீட்டா நிரப்பி, ஜாடிக்கு நடுவே சுட்டு ஓட்டையான காகிதத் தட்டுகளைச் செருகி அனுப்பினாள். பீட்ரூட் எங்கே என்று அவன் கேட்டதற்கு, மாமாவைக் கேள் என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு லெக்சிங்டனில் ஏணிமேல் நின்றவனுக்குப் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தான்.

"எட்டு முட்டை," என்றாள் அம்மா. "ஒண்ணும் உடையல."